கடல் திருப்பித் தந்த மோதிரம்

இனிமேல் இந்த உலகத்தில் யார் சொல்வதையும் கேட்பதில்லை என்று காதுக்காரர் சபதம் எடுத்தார். ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம், அலுவலகத்தில் கொடுத்த சுவர்க் கடிகாரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வீட்டு வாசலில் நின்று எடுத்த சபதம். அதில் பெரிய வீரம் ஒன்றும் இல்லை. அவருக்கு வலது காது ஏற்கெனவே பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது.

"காலைத் துடைச்சிட்டு உள்ள வாங்க" என்றாள் மனைவி.

துடைத்துவிட்டு உள்ளே போனார். சபதம் அதோடு முடிந்தது.

காதுக்காரர் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. ஊர் வைத்தது. குடிநீர் வாரியத்தில் அவருக்குக் கசிவு கண்டுபிடிக்கிற வேலை. தரைக்குக் கீழே ஓர் ஆள் ஆழத்தில் போகிற குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் போதும். தெருவில் ஓர் இரும்புக் கம்பியை ஊன்றுவார். மறுமுனையில் காதை வைப்பார். கண்ணை மூடுவார். "இங்க தோண்டு" என்பார். தோண்டினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். முப்பத்து நாலு வருஷம் அப்படி. ஒட்டுக் கேட்டதற்காக மாதாமாதம் சம்பளம் வாங்கிய மனிதர் அந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

பிறகு காது மங்க ஆரம்பித்தது. ஒரு முறை தவறான இடத்தைக் காட்டினார். பெரிதுபடுத்தவில்லை. இரண்டாவது முறை பள்ளிக்கூட வாசலைத் தோண்ட வைத்தார். எச்சரித்து விட்டார்கள். மூன்றாவது முறை தோண்டியது தலைமைப் பொறியாளர் வீட்டு வாசல். அங்கே கசிவு இல்லை. டெலிபோன் கேபிள்தான் இருந்தது. தோண்டின பிறகு அதுவும் இல்லை. இரண்டு வருஷம் பாக்கி இருக்கும்போதே மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களைச் சுவரில் இருக்கிற எழுத்தைப் படிக்கச் சொல்லி, லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்ததா" என்று கேட்கிற வேலை. அவருக்குக் காது, அவளுக்குக் கண் என்று கல்யாணத்தின்போதே பங்கு பிரித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அவருடைய பங்கு கரைந்துபோயிற்று. அவளுடைய பங்கு வட்டியோடு வளர்ந்தது.

ஓய்வுக்குப் பிறகு அவர் ஒரு நாற்காலியைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்று மாதம் எழுந்திருக்கவில்லை. சாப்பிடவும் தூங்கவும் எழுந்திருந்தார், அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. மழைக்காலம். சன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத்தில் ஒரு வானம். அதற்குக் கீழே அதே நிறத்தில் ஒரு மொட்டைமாடி. மகள் வேறு ஊரிலிருந்து போன் பண்ணி, "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்பாள்.

"உக்காந்திருக்கார்" என்பாள் மனைவி.

"அப்புறம்?"

"அப்புறமும் உக்காந்திருப்பார்."

அவருக்கு இதெல்லாம் கேட்கும். இடது காது நன்றாக இருந்தது. ஆனால் கேட்காதது போலவே இருப்பார். வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே சௌகரியம் அதுதான்.

இப்படி இருக்கையில், வாரியத்து ஸ்டோர்கீப்பர் ஒரு நாள் வீடு தேடி வந்தார். கையில் ஒரு நீளமான சாமான். மண்ணுக்குள் புதைந்துபோன வால்வு மூடிகளைக் கண்டுபிடிக்க வாரியம் வைத்திருந்த பழைய மெட்டல் டிடெக்டர். இதையும் கழித்துக் கட்டிவிட்டார்களாம். "பழைய இரும்புக்குப் போடச் சொன்னாங்க. மனசு வரல. உங்களோடயே சுத்துன சாமான், நீங்களே வச்சுக்கோங்க" என்றார்.

மனைவி அதை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டையும் ஒண்ணாவே கழிச்சிருக்காங்க" என்றாள்.

மறுநாள் காலை காதுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். இயந்திரத்தைத் தோளில் சாத்திக்கொண்டார். மனைவியின் மாவுச் சல்லடையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார். கடற்கரைக்குப் போனார்.

மழைக்காலத்துக் கடற்கரையில் மனிதர் யார் இருக்கப் போகிறார்கள்? சாத்திக் கிடந்த கடைகள், நனைந்த நாய் ஒன்று, அப்புறம் அவர். தலையில் ஹெட்போனை மாட்டி, தட்டு மாதிரி இருக்கும் அடிப்பாகத்தை மணலுக்கு மேலே இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே நடந்தார். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம், "கிய்ங்!" சத்தம் நேராக உள்ளே இறங்கியது. வலது காதிலும் கேட்டது! காதுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். எத்தனை வருஷம் கழித்து அந்தக் காதில் ஒரு செய்தி வருகிறது! கண்ணில் தண்ணீர் வந்தது. உப்புக்காற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தோண்டினார்.

சோடா மூடி.

ஆனாலும் மறுநாளும் போனார். அடுத்த நாளும் போனார். ஒரு வாரத்தில் நாற்பத்தொரு சோடா மூடி, ஒரு கரண்டியின் கைப்பிடி, ஒற்றைக் கம்மல், தூண்டில் ஈயம், ஒரு துருப்பிடித்த பூட்டு. எல்லாவற்றையும் பால்கனியில் பழைய செய்தித்தாள் விரித்துப் பரப்பினார்.

"கடலே வேண்டாம்னு துப்பினதைப் பொறுக்கிட்டு வந்து வீட்ல வைக்கிறீங்களே" என்றாள் மனைவி.

"இதோ பாரு, இது சாதாரணப் பொருள் இல்ல. செப்புக் காசு. ராஜா முகம் தெரியுது பாரு. முன்னூறு வருஷமாவது இருக்கும்."

அவள் கைப்பையிலிருந்து கடையின் பூதக்கண்ணாடியை எடுத்தாள். ஒரு நொடி பார்த்தாள். "ராஜாவுக்கு மூஞ்சியில நாலு ஓட்டை இருக்கு."

"வயசானா அப்படித்தான் இருக்கும்."

"நூல் கோக்கிற ஓட்டைங்க. இது பொத்தான்."

காதுக்காரர் பொத்தானை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

இன்னொரு நாள் ஒரு வெண்கலத் துண்டைக் கொண்டு வந்தார். பழைய கப்பல் மணியின் நாக்கு. அது உண்மையிலேயே பழசு. அவளாலும் மறுக்க முடியவில்லை.

"மணி எங்க?"

"மணி கிடைக்கல. நாக்கு மட்டும்தான்."

"மணி இல்லாம நாக்கு மட்டும் ஆடுறதுக்கு நம்ம மேல்வீட்டு அக்கா இருக்காங்களே. இன்னொண்ணு எதுக்கு?"

மேல்வீட்டு அக்கா ஆஸ்பத்திரி விசாரணை கவுண்டரில் இருப்பவர். வேலை நேரத்தில் விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்வார். மற்ற நேரத்தில் யாரும் விசாரிக்காமலே சொல்வார். அவரிடம் காலையில் ஒன்றைச் சொன்னால் சாயங்காலம் சலவைக்கடைக்காரர் அதைப் பற்றி அனுதாபம் தெரிவிப்பார்.

நவம்பர் கடைசியில் புயல் வந்தது. மூன்று நாள் ஊரை உலுக்கிவிட்டுப் போனது. நாலாம் நாள் காதுக்காரர் கடற்கரைக்குப் போனால், கடற்கரையைக் காணோம். கரையோர மணலையெல்லாம் இடுப்பளவு ஆழத்துக்கு அலை வாரிக்கொண்டு போயிருந்தது. கீழே பழைய மணல், கறுப்பாக, இறுகி, சிப்பியும் கூழாங்கல்லுமாகக் கிடந்தது. இத்தனை வருஷமாக யார் கண்ணிலும் படாத தரை. இயந்திரத்தை வைத்ததுமே கத்தியது. இரண்டடி நகர்ந்தால் மறுபடி கத்தியது.

அன்று அவருக்கு நிஜமான காசுகள் கிடைத்தன. பச்சை பூத்த செப்புக் காசு ஏழு. வெள்ளி ஒன்று, விளிம்பு தேய்ந்து, ஒரு பக்கம் பாய்மரக் கப்பல். ஒரு பித்தளைத் திசைகாட்டியின் மூடி. கப்பல் ஆணிகள். ஓட்டை இல்லை, நூல் இல்லை, பொத்தான் இல்லை. பூதக்கண்ணாடி என்ன, தொலைநோக்கியைக் கொண்டு வந்து பார்க்கட்டும்! காதுக்காரர் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரும்பப் போகிற நேரத்தில், பஸ் நிலையத்துப் பக்கம் இருந்த பாறைக் கரைக்குக் கீழே இயந்திரம் மெல்லிசாக ஒரு சத்தம் போட்டது. கிட்டத்தட்ட முனகல்.

தோண்டினார். சல்லடையில் அலசினார். மணல் போனதும் ஒரு மோதிரம் மட்டும் மிஞ்சியது.

தங்கம் துருப்பிடிக்காது. போட்ட அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. கீழே ஒரு சின்ன நெளிவு. உள்பக்கம் திருப்பினார். இரண்டு எழுத்துகள், நடுவில் ஒரு புள்ளி. முதல் எழுத்து அவருடையது. இரண்டாவது மனைவியுடையது.

அவர் வாங்கிக் கொடுத்த மோதிரம். கல்யாணத்துக்குக் கொடுத்தது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் தொலைந்துபோனது.

தொலைந்ததுதான். ஆனால் கடலில் தொலையவில்லை! "பாத்திரம் கழுவும்போது சோப்பு வழுக்கி சிங்க்ல போயிடுச்சு" என்று அவள் சொல்லியிருந்தாள். அவரும் நம்பினார். ஊருக்கே குழாய் பார்க்கிறவன் வீட்டுக் குழாயில் மோதிரம் போவதா என்று லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தார். சிங்க்குக்கு அடியில் இருந்த குழாயைக் கழற்றினார். சுவரை உடைத்தார். கீழ்வீட்டுக் குழாயையும் கழற்றினார். தெருவில் சாக்கடை சேருகிற இடம் வரைக்கும் தோண்டினார். மூன்று நாள் அந்தக் கட்டிடத்தில் யாராலும் குளிக்க முடியவில்லை. மோதிரம் கிடைக்கவில்லை. ரொம்ப நாளைக்கு அந்தத் தெருவில் அதுதான் நகைச்சுவை.

காதுக்காரர் ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார். சிங்க்கில் போன மோதிரம் கடலுக்கு எப்படி வந்தது? குழாய் வழியாகவா? அந்த ஊர்ச் சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அது கடல் பக்கமே ஓடவில்லை. நேரெதிர்ப் பக்கம் ஓடுகிறது.

அப்படியானால் அவள் பொய் சொல்லியிருக்கிறாள்.

முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். முப்பத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் மனைவி தோற்று அவர் பார்த்ததில்லை. இதோ, கையில் அத்தாட்சி! முக்கால்வாசி தூரம் வீட்டை நோக்கி ஓட்டமும் நடையுமாக வந்தார். பிறகு நடை தளர்ந்தது. அது எந்த வருஷம் என்று யோசித்ததும்தான் தளர்ந்தது.

அந்த வருஷம் ஊரின் பிரதானக் குழாய் வெடித்தது. நாலு நாள் ஊருக்குத் தண்ணீர் இல்லை. அதே வாரம் மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி வந்தது. மனைவி பெட்டியை எடுத்து வைத்தாள். "ரெண்டே நாள் பொறு. இது முடியட்டும், சேர்ந்தே போகலாம். நீ தனியா பிள்ளையை வச்சுக்கிட்டு எப்படிப் போவே?" என்றார் அவர். அவள் இரண்டு நாள் பொறுத்தாள். மாமியார் பொறுக்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அவர் போகவே இல்லை. குழாய் இன்னும் அடைபடவில்லை.

பத்து நாள் கழித்து அவள் பிள்ளையோடு திரும்பி வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சண்டை போடவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். அந்த வாரத்தில்தான் ஒரு நாள் மோதிரம் சிங்க்கில் போனது.

கடற்கரைக்கும் வீட்டுக்கும் நடுவில், மூடிக் கிடந்த ஒரு கடையின் தாழ்வாரத்தில் காதுக்காரர் வெகுநேரம் நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஊரில் இருக்கிற குழாய்களின் முனகலையெல்லாம் கம்பியை ஊன்றிக் கேட்ட காது. பக்கத்தில் படுத்திருந்தவள் பத்து நாள், இருபது நாள் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தது அதற்குக் கேட்கவில்லை. அவள் மோதிரத்தை எறிந்திருக்கிறாள். எறிந்துவிட்டு வந்து சமைத்திருக்கிறாள். அதை அவரும் சாப்பிட்டிருக்கிறார். மறுசோறு கூடக் கேட்டிருப்பார்.

நேராகப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வரும். பதிலை நினைத்தால் பயமாக இருந்தது. பயந்த ஆண்பிள்ளை என்ன செய்வான்? திட்டம் போடுவான்.

காதுக்காரர் போட்ட திட்டம் இது. மோதிரத்தைச் சிங்க்குக்கு அடியில் இருக்கும் வளைவுக் குழாய்க்குள் போட்டுவிடுவது. ஞாயிற்றுக்கிழமை அடைப்பு எடுக்கிற சாக்கில் அதைக் கழற்றுவது. அவள் கண் எதிரே "கண்டுபிடிப்பது." சிங்க்கில் போகாத மோதிரம் சிங்க்கில் கிடைத்தால் அவள் முகம் எப்படி மாறும்? மாறியே ஆக வேண்டும். அவள் தானாகவே உண்மையைக் கக்குவாள். அவர் கேட்க வேண்டியதே இல்லை. பின்னால் அவள் பேச்சை மாற்றாமல் இருக்க ஒரு சாட்சியும் வேண்டும். ஒரு சாட்சிக்கு நூறு சாட்சியாக மேல்வீட்டு அக்கா இருக்கிறார்.

ஞாயிறு வந்தது. விடிந்ததும், மனைவி குளிக்கப் போன நேரத்தில் மோதிரத்தைப் போட்டாயிற்று. பத்து மணிக்கு மேல்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு ஒரு பழைய காசைப் பார்க்கச் சொன்னார். அக்கா காசைப் பார்க்காமல் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். காதுக்காரர் ரெஞ்சை எடுத்துக்கொண்டு சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்தார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

"தண்ணி மெதுவா இறங்குது."

"நல்லாத்தானே இறங்குது?"

"உனக்குத் தெரியாது. எனக்குச் சத்தம் கேக்குது."

"உங்களுக்கா?" என்றாள். மேல்வீட்டு அக்கா சிரித்தார்.

காதுக்காரர் குழாயைத் திருகினார். அழுக்குத் தண்ணீர் முகத்தில் கொட்டியது. பொருட்படுத்தவில்லை. வளைவைக் கையில் கவிழ்த்தார். "அட!" என்றார். குரல் கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது. "இதென்னது? மோதிரம் மாதிரி இருக்கே! ஏய், இங்க பாரு! உன் மோதிரம்! நீ சொன்ன அதே சிங்க்ல!"

ஒரு நொடி. மனைவியின் கையில் இருந்த தட்டு காற்றிலேயே நின்றது. அந்த ஒரு நொடி அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. இதோ கக்கப் போகிறாள் என்று காதுக்காரர் கழுத்தை நீட்டினார்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். மோதிரத்தை வாங்கினாள். சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாத்தீங்களாக்கா?" என்றாள். "நான் அன்னிக்கே தலையால அடிச்சுக்கிட்டேன். சிங்க்லதான் இருக்கு, நல்லாத் தேடுங்கன்னு. எம் பேச்சை யாரு கேக்குறா?"

"அட ராமா!" என்றார் மேல்வீட்டு அக்கா. "ஒரு முழம் குழாய்! இதுக்குள்ள இருந்ததைக் கண்டுபிடிக்க இருபத்தாறு வருஷமா? ஏன் சார், கீழ்வீட்டுக் குழாயைக்கூடக் கழற்றினீங்களே! எங்க வீட்டுக்காரர் மூணு நாள் குளிக்காம ஆபீஸ் போனாரே! தெருவையே தோண்டினீங்களே!"

"இல்ல, அது வந்து..." என்றார் காதுக்காரர் தரையிலிருந்து.

"வந்து?" என்றாள் மனைவி, குனிந்து, ரொம்ப அன்பாக.

வந்து, என்ன சொல்வது? இது கடலில் கிடைத்தது என்று சொன்னால், சிங்க்குக்குள் போட்டது யார் என்ற கேள்வி வரும். சிங்க்கில் கிடைத்தது என்று சொன்னால், முப்பத்து நாலு வருஷ உத்தியோகம் ஒரு முழக் குழாயில் போகும். காதுக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். இரண்டு பக்கமும் அடைப்பு.

"வந்து, அன்னிக்கு வெளிச்சம் பத்தல" என்றார்.

மத்தியானத்துக்குள் கட்டிடம் முழுக்கச் செய்தி போய்விட்டது. மூன்று மணிக்குச் சலவைக்கடைக்காரர் வழியில் நிறுத்தி, "மனசை விடாதீங்க சார், எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றார். நாலு மணிக்கு ஸ்டோர்கீப்பர் போன் பண்ணினார். வாரியத்தில் எல்லாரும் ரொம்பச் சந்தோஷப்பட்டார்களாம். ஏன் சந்தோஷப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு மகள் கூப்பிட்டாள். சிரித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

காதுக்காரர் பழைய நாற்காலியில், பழைய சன்னலுக்கு எதிரே போய் உட்கார்ந்தார். பால்கனியில் ஏழு செப்புக் காசும் ஒரு வெள்ளிக் காசும் ஈரத்தில் கிடந்தன. அவற்றை இன்னும் யாருமே பார்க்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மனைவி இரண்டு தம்ளரில் டீ கொண்டு வந்தாள். ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு, வழக்கமில்லாத வழக்கமாக ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவருடைய இடது காதுப் பக்கமாக உட்கார்ந்தாள்.

"சிங்க் ஒழுகுது" என்றாள். "வாளி வச்சிருக்கேன்."

"காலையில சரியா முடுக்கல."

"ம்."

வானம் இருண்டுகொண்டு வந்தது. டீ ஆறியது. பேசாமல் இருப்பது எப்படி என்பது அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

"அது சிங்க்ல கிடைக்கல" என்றார்.

"தெரியும்."

"தெரியுமா? எப்படி?"

"நாலு வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பழைய இரும்புக் குழாயைத் தூக்கி எறிஞ்சிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டது யாரு? நீங்கதானே? நாலு வருஷக் குழாய்ல இருபத்தாறு வருஷ மோதிரம் எப்படிங்க வரும்?"

குழாய்க்காரன் மறந்திருக்கிறான். கண்ணாடிக் கடைக்காரி மறக்கவில்லை.

"அப்புறம் ஏன் அக்கா முன்னாடி அப்படிச் சொன்னே?"

"நீங்கதான் சாட்சியெல்லாம் கூட்டிட்டு வந்து வச்சிருந்தீங்க. வந்தவங்களை வெறுங்கையோடவா அனுப்புறது?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிக்கவில்லை. மோதிரம் அவள் மடியில் இருந்தது.

"பாறைக்குக் கீழ கிடந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம்" என்றார்.

"ஆமா. அங்கேருந்துதான் எறிஞ்சேன்." ஏதோ கடைக்குப் போனதைச் சொல்வதுபோலச் சொன்னாள். "அம்மா ஊருக்கே திரும்பிப் போயிடலாம்னுதான் கிளம்பினேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பாறை மேல போய் நின்னேன். அம்மா இல்லாத வீட்டுக்குப் போய் என்ன பண்றதுன்னு தோணிச்சு. இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தும் என்ன பண்றதுன்னு தோணிச்சு. கையில இது இருந்தது. கழட்டி எறிஞ்சேன்."

காதுக்காரர் தம்ளரைக் கீழே வைத்தார். "அன்னிக்கு உன்னை அனுப்பியிருக்கணும். நானும் கூட வந்திருக்கணும்" என்றார். இருபத்தாறு வருஷத்துக் குழாயில் அடைத்துக்கொண்டிருந்தது அந்த வாக்கியம்.

"ஆமா" என்றாள் அவள்.

'பரவாயில்லை' என்று சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. சன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. அதையும் கேட்டார், அவளுடைய மூச்சையும் கேட்டார். 'பரவாயில்லை' மட்டும் வரவே இல்லை. அது வராதுதான் என்று கொஞ்ச நேரத்தில் அவருக்கே விளங்கியது.

"எறிஞ்சிட்டு ஏன் திரும்பி வந்தே?" என்றார் கடைசியில். பயந்து பயந்துதான் கேட்டார்.

"மூணரைக்குப் பள்ளிக்கூடம் விட்டுடும். பிள்ளையைக் கூப்பிடப் போகணுமே."

"ஓ."

"அதுக்கு முன்னாடி முக்கா மணி நேரம் தேடினேன்."

"எதை?"

"இதைத்தான். எறிஞ்ச கையோட பாறையிலேருந்து இறங்கி, இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு, மண்ணைத் துழாவித் துழாவித் தேடினேன். அலை ரெண்டு வாட்டி கீழ தள்ளிடுச்சு. முழங்கால்ல பாறை கிழிச்சு ரத்தம். நனைஞ்சு போய் வீட்டுக்கு வந்து உங்ககிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல. சிங்க் கண்ணுல பட்டது. சிங்க்னு சொல்லிட்டேன்."

காதுக்காரர் நிமிர்ந்தார். மூன்று மாதமாக, இல்லை, ரொம்ப வருஷமாகக் கூன் விழுந்திருந்த ஏதோ ஒன்று அவருக்குள் மெல்ல நிமிர்ந்தது. இடுப்பளவு தண்ணீரில் முக்கால் மணி நேரம்! ரத்தம் வர வர! எறிந்த பிறகும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. அவ்வளவு கோபத்திலும், அவ்வளவு துக்கத்திலும், அவர் போட்ட மோதிரத்தை விட்டுவிட்டு வர அவளால் முடியவில்லை. அவள் அந்த மோதிரத்தை எடுத்து விரலில் மாட்டிப் பார்த்தாள். பழைய விரலில் ஏறவில்லை. சுண்டுவிரலில் ஏறியது. ஏறினதைக் கழற்றவில்லை.

இடது காதை அவள் பக்கமாக நன்றாகச் சாய்த்துக்கொண்டார்.

"அவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்கும்மா தேடினே?" என்றார்.

அவள் சுண்டுவிரலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"முக்கால் பவுனுங்க அது."